சம்பளம் துபாயில், வீடு ஷார்ஜாவில்: கணக்கு ஒத்துவருமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். துபாயில் ஒரு டிரேடிங் கம்பெனியில் மாதம் 8,500 திர்ஹம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் தெய்ராவில், கிடங்கு ஜெபல் அலியில் என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கிறார்கள். மனைவி பி.எட். முடித்தவர், இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பல வருடமாக அங்கே இருக்கும் என் மச்சான், "துபாயில் வாடகை கொடுத்து மாளாது, பேசாமல் ஷார்ஜாவில் வீடு பாரு" என்கிறார். மனைவியோ, "அது ரொம்பக் கட்டுப்பாடான ஊராமே, புடவை கட்டிக்கொண்டு வெளியே போகலாமா, பொட்டு வைக்கலாமா" என்று பயப்படுகிறார். எப்போதாவது நண்பர்களோடு ஒரு பீர் குடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதையும் கேட்டுவிடுகிறேன். 8,500-இல் மூன்று பேர் வாழ்ந்து ஊருக்கும் அனுப்ப முடியுமா? குடும்பத்தைக் கையோடு கூட்டிப் போகவா, நான் மட்டும் முதலில் போகவா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில் இருந்து தொடங்குகிறேன். "அலுவலகம் தெய்ராவில், கிடங்கு ஜெபல் அலியில்." இந்த இரண்டில் தினமும் காலையில் நீங்கள் போய் உட்காரப் போவது எங்கே? டிரேடிங் கம்பெனிகளில் கணக்காளரைக் கிடங்கில் உட்கார வைப்பது சாதாரணம். சரக்கு வருவது, போவது, இருப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும். ஷார்ஜாவில் வீடு எடுக்கலாமா என்ற கேள்விக்கு விடையே இதில்தான் இருக்கிறது.

ஷார்ஜா எல்லையிலிருந்து தெய்ரா பக்கம்தான். சாலை காலியாக இருந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது, கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெபல் அலி துபாயின் மறு கோடி. 50 கிலோமீட்டருக்கு மேல். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் அதற்கும் மேலே. காலையில் ஷார்ஜா மொத்தமும் துபாயை நோக்கிக் கிளம்பும், மாலையில் மொத்தமும் திரும்பும். அல் இத்திஹாத் சாலை, ஷேக் முகமது பின் சாயித் சாலை, எமிரேட்ஸ் சாலை என்று மூன்று பெரிய வழிகள் இருந்தும் மூன்றும் நிரம்பி வழியும். ஐந்தரை மணிக்கே எழுந்து, குழந்தை விழிக்கும் முன் கிளம்பி, அவள் தூங்கியபின் வீடு வந்து சேர்கிற அப்பாக்களை ஷார்ஜாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்பம் பக்கத்தில் இருக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் முகம் பார்த்துப் பேச முடியும்.

அதனால் முதல் வேலையாக கம்பெனி ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். என் பணியிடம் எது, வாரத்தில் எத்தனை நாள் ஜெபல் அலி போக வேண்டியிருக்கும், கம்பெனி வண்டி உண்டா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜெபல் அலி என்று பதில் வந்தால் ஷார்ஜாவை மறந்துவிடுங்கள், மச்சான் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. டிஸ்கவரி கார்டன்ஸ் மாதிரியான இடத்தில் ஒரு ஸ்டூடியோவில் நெருக்கிக்கொண்டு இருப்பது மேல். தெய்ரா என்று வந்தால் மேலே படியுங்கள்.

இனி மனைவியின் பயம். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷார்ஜாவைப் பற்றி நம் ஊரில் சுற்றுகிற கதைகளில் பாதி, அங்கே ஒரு நாள்கூடத் தங்காதவர்கள் சொல்வது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களில் கட்டுப்பாடு அதிகமான ஊர் ஷார்ஜா என்பது உண்மைதான். 1985-இலிருந்து அங்கே மது விற்பனை கிடையாது. எந்த ஹோட்டலிலும் பார் இல்லை. பொது இடத்தில் உடை, நடத்தை எப்படி இருக்க வேண்டும் என்று 2001-இல் தனி விதிகளே கொண்டுவந்தார்கள். தோள், முதுகு, வயிறு தெரிகிற உடை, முழங்காலுக்கு மேலே ஏறுகிற பாவாடை பெண்களுக்குக் கூடாது. ஆண்கள் சட்டை இல்லாமலோ குட்டை டிரவுசரிலோ திரியக் கூடாது. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒன்றாகத் தங்குவதையும் அந்த விதிகள் ஏற்கவில்லை.

இதை ஒரு கும்பகோணத்துக் குடும்பத்தின் கண்ணோடு பாருங்கள். உங்கள் மனைவி இன்று பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகிற புடவையோடு, பொட்டோடு, பூவோடு ரோலா கடைத்தெருவில் தாராளமாக நடக்கலாம். ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். முக்காடு போட வேண்டியதில்லை, அபாயா வேண்டியதில்லை. பெரிய மசூதிக்குச் சுற்றிப்பார்க்கப் போனால் மட்டும் தலையை மூடச் சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு அல் மஜாஸ் நீர்க்கரையில் அம்மாவும் மகளுமாக நடந்துவிட்டு வீட்டுக்கு வரலாம், யாரும் பின்னால் வர மாட்டார்கள். பெண்கள் மட்டும் போகிற பூங்காக்களும் கிளப்பும் உண்டு. பேருந்தில் முன் இருக்கைகள் பெண்களுக்கு. சில வாரங்கள் போனால், "நம்ம ஊரைவிட இங்கே நிம்மதியாக இருக்கிறது" என்று உங்கள் மனைவியே சொல்லக்கூடும். நான் பார்த்த பெரும்பாலான பெண்கள் சொன்னதும் அதுதான்.

கவனம் வேண்டியது உங்களுக்குத்தான். கைலி கட்டிக்கொண்டு கீழே குரோசரிக்கு இறங்குகிற பழக்கம் இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நமக்கு அது வேட்டி மாதிரி, அவர்கள் கண்ணுக்கு உள்ளாடை மாதிரி. சட்டை இல்லாமல் பால்கனியில் நிற்பதும் வேண்டாம்.

பீர் விஷயம். ஷார்ஜாவில் கிடைக்காது. துபாயில் உரிமம் பெற்ற ஹோட்டலில் நண்பர்களோடு உட்காரலாம். அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது, ஒரு சொட்டுக்குக்கூடச் சலுகை இல்லை. பாட்டிலை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு ஷார்ஜா எல்லையைத் தாண்டவும் கூடாது. வழியில் சின்னதாக ஒரு மோதல் நடந்து போலீஸ் வந்து டிக்கியைத் திறந்தால், விபத்து யார் தப்பு என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். எப்போதாவது ஒன்று என்று நீங்களே சொல்கிறீர்கள். ஊருக்கு விடுமுறையில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமே!

உடையையும் பீரையும்விட நம் ஆட்கள் அங்கே உண்மையில் மாட்டிக்கொள்வது வேறு சில விஷயங்களில். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுக்கிற மளிகையில் கசகசா இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு, விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி அனுப்பினால் அது இணையக் குற்றம், அபராதம் ஆயிரக்கணக்கில் போகும். முன்பின் தெரியாதவரை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்று குழு ஆரம்பித்து வசூல் செய்வதும் அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம். இதை நல்ல காரியம் என்று நினைத்துச் செய்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். ரமலானில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது வேண்டாம். அதற்குப் பதிலாக அந்த மாதம் எல்லோருக்கும், முஸ்லிம் அல்லாதவர்களுக்கும்தான், வேலை நேரத்தில் இரண்டு மணி நேரம் குறையும்.

கோயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனைவி கேட்பார். ஷார்ஜாவில் இந்துக் கோயில் கிடையாது. 2022 அக்டோபரில் திறந்த பெரிய கோயில் துபாய் ஜெபல் அலியில் இருக்கிறது, மெனக்கெட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்குள் பூஜை அறை வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை. தேவாலயங்கள் யர்மூக் பகுதியில் வரிசையாக இருக்கின்றன.

இனிப் பணம். 8,500 திர்ஹம் என்றால் இன்றைய மதிப்பில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். கேட்கும்போது பெரிதாகத் தெரியும். அங்கே போனதும் ரூபாயில் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள், தலை சுற்றும்.

ஷார்ஜாவில் அல் நஹ்தா, அல் தாவூன் பகுதியில் சுமாரான ஒரு படுக்கையறை வீடு வருடத்துக்கு 35,000-இலிருந்து 45,000 திர்ஹம் வரை ஆகும். ரோலா, அபு ஷகாரா பக்கம் பழைய கட்டடங்களில் இன்னும் குறைவாகவே கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், அதே அல் நஹ்தா என்ற பெயரிலேயே துபாயில் ஒரு பகுதி இருக்கிறது. நடந்து கடக்கிற தூரம்தான். ஆனால் அதே அளவு வீட்டுக்கு அங்கே 55,000-க்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். மச்சான் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான், அது உண்மை.

மாதத்துக்கு வாடகை 3,300 என்று வைப்போம். மின்சாரம், தண்ணீர், கேஸ், இன்டர்நெட், இரண்டு போன் எல்லாம் சேர்த்து 900, கோடையில் ஏசி ஓயாமல் ஓடும்போது இன்னும் கூடும். மளிகை, காய்கறி, மீன் 1,400. மகளின் பள்ளிக் கட்டணமும் ஸ்கூல் பஸ்ஸும் நடுத்தர இந்தியப் பள்ளியில் மாதம் 900 பக்கம் வரும். உங்கள் பஸ், மெட்ரோ செலவு 500. மனைவி, மகள் இருவரின் மருத்துவக் காப்பீடு, விசா புதுப்பிப்பு இவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 250. இதுவே 7,250. மிச்சம் 1,250. அதற்குள் ஒரு பல்வலி, ஒரு பிறந்தநாள், ஊருக்கு டிக்கெட். ஆக, ஒருவர் சம்பளத்தில் வாழலாம், ஊருக்கு அனுப்புவது பேருக்குத்தான் இருக்கும். கார் வாங்கினால் அதுவும் போச்சு. இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே நேரடியாகச் செல்லாது, வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கவே பல ஆயிரம் திர்ஹம் ஆகும். அல் இத்திஹாத் சாலை வழியாகத் துபாய்க்குள் போனால் மம்ஸாரில் இருக்கிற சாலிக் என்ற சுங்கச்சாவடியில் கூட்ட நேரத்தில் ஒரு முறைக்கு 6 திர்ஹம் வேறு. முதல் வருடம் கார் யோசனையே வேண்டாம்.

தெய்ராவுக்கு மெட்ரோ பச்சை லைன் போகிறது. ஷார்ஜா அல் நஹ்தாவில் எல்லையை ஒட்டி வீடு எடுத்தால், எல்லையைத் தாண்டிப் போய் துபாய்ப் பக்கத்தில் மெட்ரோ பிடிக்கலாம். ஷார்ஜா அல் ஜுபைல் பஸ் நிலையத்திலிருந்து யூனியன் மெட்ரோ நிலையத்துக்கு இ 303 பஸ்ஸும் உண்டு. ஷார்ஜாவிலேயே எல்லையிலிருந்து தள்ளியிருக்கிற முவைலா பக்கம் புதுக் கட்டடம், நல்ல வீடு, வாடகையும் குறைவு என்று புரோக்கர் காட்டுவார். பள்ளிகள் அந்தப் பக்கம் நிறைய இருப்பது உண்மை, ஆனால் கார் இல்லாமல் அங்கிருந்து தெய்ரா போய் வருவது தண்டனை.

இந்தக் கணக்கை நிஜமாகவே மாற்றக்கூடியவர் உங்கள் மனைவி. ஷார்ஜாவில் இந்தியப் பள்ளிகள் பல இருக்கின்றன, பி.எட். முடித்த ஆசிரியைக்கு எப்போதும் தேவை உண்டு. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் பல பள்ளிகளில் ஆசிரியையின் குழந்தைக்குக் கட்டணச் சலுகை தருவார்கள். அதோடு ஒரு விசேஷமும் இருக்கிறது. 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி வெள்ளியை அரை நாள் ஆக்கியபோது, ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்று அறிவித்தது. பள்ளிகளுக்கும் அப்படியே. துபாயில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு இது ஒரு தலைவலி. வெள்ளிக்கிழமை குழந்தை வீட்டில், இவர்கள் அலுவலகத்தில். தாயும் மகளும் ஒரே ஷார்ஜாப் பள்ளிக்குப் போனால் தலைவலியே வரமாக மாறிவிடும், வாரம் நாலு நாள்தான் வேலை. நீங்கள் மட்டும் வெள்ளியும் போய் வர வேண்டியிருக்கும். தெய்ரா டிரேடிங் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமையும் வேலை உண்டு. அதையும் ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

மனைவியின் பட்டப்படிப்பு, பி.எட். சான்றிதழ்கள், அனுபவச் சான்றிதழ், உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இங்கேயே அட்டஸ்டேஷன், அதாவது அரசுச் சான்றொப்பம், செய்துகொண்டு போங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று படி. அங்கே போனபின் ஊரில் யாரையாவது அலையவிட்டுச் செய்வது பெரும்பாடு. மகளுக்கு டி.சி.யில் கல்வி அதிகாரியின் கையொப்பமும் வேண்டியிருக்கும், பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அங்கேயும் ஏப்ரலில்தான் தொடங்கும். அரபி கட்டாயப் பாடம். குழந்தைகள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் நமக்குத் தெரியாது.

வீடு எடுக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வருடக் கணக்கு, செக்காகக் கொடுக்க வேண்டும். நான்கு செக், ஆறு செக் என்று பேரம் பேசலாம். எண்ணிக்கை கூடினால் உங்களுக்கு நல்லது. வங்கிக் கணக்கும் செக் புத்தகமும் வர எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டை வேண்டும், அதற்கே சில வாரங்கள் ஆகும். செக் திரும்பினால் முன்பு போல உடனே சிறை இல்லை. 2022-இலிருந்து பணமில்லாமல் திரும்புகிற செக் பெரும்பாலும் சிவில் வழக்கு. ஆனால் வீட்டுக்காரர் பணத்தை வசூலிக்க நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்கே போய்விடலாம், பயணத் தடையும் விழலாம். எனவே செக் தேதிக்கு முன் கணக்கில் பணம் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தை நகராட்சியில் பதிவு செய்யக் கட்டணம் வருட வாடகையில் 4 சதவீதம், அது உங்கள் தலையில். சிலர் அதை மிச்சம் பிடிக்க, பதிவே வேண்டாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயரில் பதிவான ஒப்பந்தம் இல்லாமல் மனைவிக்கும் மகளுக்கும் விசா எடுக்க முடியாது. தகராறு வந்தால் கையில் இருக்கிற ஒரே ஆதாரமும் அதுதான். ஷார்ஜாவில் ஒப்பந்தம் போட்டு மூன்று வருடத்துக்கு வாடகையை ஏற்றக் கூடாது என்று 2024-இல் வந்த சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பும் பதிவு இருந்தால்தான் கைகொடுக்கும்.

ஒரு வேலை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: வாடகைச் சுமையைக் குறைக்க ஹாலில் திரை கட்டி இரண்டு பேச்சிலர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது. நம்மவர்கள் பலர் செய்கிறார்கள், மச்சானே யோசனை சொல்லக்கூடும். குடும்பக் குடியிருப்பில் தனி ஆண்கள் தங்குவதை ஷார்ஜா கடுமையாக எடுத்துக்கொள்ளும். 2020 செப்டம்பரில் அல் காதிசியா பகுதிப் பெண்கள் வானொலி நிகழ்ச்சியில் புகார் சொன்னதும், ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் முகமது அல் காசிமியின் உத்தரவின் பேரில் வீடு வீடாகச் சோதனை போட்டு ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். தண்ணீர், கரண்ட் இணைப்பையே துண்டித்தார்கள். அந்த நிலைமையில் ஒரு குழந்தையோடு மாட்டக் கூடாது.

கட்டடத்தைப் பார்க்கப் போனால் வாட்ச்மேனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 2024 ஏப்ரல் 16 மழையில் இங்கே தண்ணீர் நின்றதா, எத்தனை நாள்? அன்று அல் மஜாஸ், அல் காசிமியா போன்ற இடங்களில் தெருவே ஏரியாகிப் பல நாள் வடியவில்லை. லிஃப்டும் மோட்டாரும் நின்றுபோய் மேல்மாடிக்காரர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. இரண்டாவது, தீ எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா, வெளிச்சுவர்ப் பலகைகளை மாற்றிவிட்டார்களா? 2020 மே மாதம் அல் நஹ்தாவில் அப்கோ டவர் தீப்பிடித்தபோது நெருப்பு வெளிச்சுவர் வழியேதான் மாடி மாடியாக ஏறியது. உயரமான மாடியில் கடல் தெரிகிறது என்று மயங்க வேண்டாம். குழந்தை இருக்கிற வீட்டில் ஜன்னலுக்குப் பூட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். உங்களுக்குத் துபாய் விசா என்பதால் காப்பீடும் துபாய் விதிப்படிதான். கம்பெனி உங்களுக்கு மட்டும் எடுத்தால் போதும், மனைவி, மகளுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். மலிவான பாலிசிகளில் ஷார்ஜா மருத்துவமனைகள் பட்டியலில் இல்லாமல் போகலாம். ராத்திரி காய்ச்சலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துபாய்க்கு ஓட வேண்டியிருக்கும். வாங்கும் முன் வீட்டருகே இருக்கிற கிளினிக் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஃபர் லெட்டரில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும், முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 21 நாள் சம்பளம். 8,500-இல் அடிப்படை 3,500 என்றால் வருடத்துக்கு 2,450 திர்ஹம் சேரும். 5,000 என்றால் 3,500. கையில் வாங்குகிற தொகை ஒன்றே, போகும்போது கிடைப்பது வேறு. இதைப் பேச இப்போதுதான் நேரம், கையெழுத்துப் போட்டபின் பேசினால் சிரிப்பார்கள். விசாவுக்கு, வேலைக்கு என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவது அங்கே சட்டவிரோதம்.

குடும்பத்தைக் கையோடு கூட்டிப் போக வேண்டாம். தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம், அதற்குள் 14 நாள் நோட்டீஸில் உங்களை அனுப்பிவிட முடியும். மனைவி இங்கே வேலையை விட்டு, மகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தபின் அப்படி நடந்தால் மூன்று பேரும் நடுத்தெருவில். நீங்கள் முதலில் போய்த் தெய்ராவில் ஒரு பெட் ஸ்பேஸில், அதாவது பலரோடு பகிர்கிற அறையில் ஒரு கட்டிலில், இருங்கள். முதல் சில மாதம் கையை இறுக்கிச் சேமியுங்கள், ஏனென்றால் வீடு எடுக்கிற அன்று முதல் செக், டெபாசிட், புரோக்கர் கமிஷன், நகராட்சிப் பதிவு, மின்சார டெபாசிட், ஃபிரிட்ஜ், அடுப்பு, கட்டில், இரண்டு விசா எல்லாம் ஒரே நேரத்தில் வரும். செக்கையும் சேர்த்து 20,000 திர்ஹம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். அதைக் கடன் அட்டையில் போட்டுத் தொடங்கியவர்கள் மூன்று வருடம் அதையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் வீடியோ கால் அங்கே வேலை செய்யாது. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலியை வீட்டார் போனிலும் இப்போதே போட்டு வையுங்கள்.

மனைவி அதற்குள் இங்கிருந்தே ஷார்ஜாப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை உறுதியானபின், மகளின் கல்வியாண்டு முடிந்து மார்ச் கடைசியில் இருவரும் வரட்டும். மே, ஜூன் வெயிலில் முதல் முறையாக வந்து இறங்கினால் ஊரே பிடிக்காமல் போய்விடும். நவம்பர் வரை தாக்குப்பிடித்துவிட்டால் அப்புறம் அந்த ஊர் உங்களை விடாது. அந்த மாதம் எக்ஸ்போ சென்டரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி 1982-இலிருந்து நடக்கிறது, தமிழ்ப் புத்தகங்களும் வரும். ஆசிரியை என்பதால் உங்கள் மனைவிக்கு அது பிடிக்கும்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை அலுவலகம் முடிந்ததும், தெய்ராவிலிருந்து நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கட்டட வாசல் வரை பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போய்ப் பாருங்கள். மறுநாள் காலை அங்கிருந்து அலுவலகத்துக்கு வாருங்கள், மச்சான் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆனால் வேறு கட்டடம் பாருங்கள், அல்லது துபாய் அல் குசைஸில் ஸ்டூடியோ கிடைக்குமா என்று கேளுங்கள். ஹெச்.ஆர். பதில் வந்ததும், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதோடு மறுபடி எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்கிறேன்.